நீரும் விதையும் காவலும்: கக்கனுக்குக் கிடைத்த துறைகளும் கிடைக்காத துறையும்

மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படும் மரபான நாள் ஜூன் 12. அதிலிருந்து ஆறாம் நாள், ஜூன் 18, பி. கக்கனின் பிறந்த நாள். அணைத் தண்ணீர் கல்லணையைக் கடந்து தஞ்சையின் வாய்க்கால்களில் பிரியும் அதே வாரத்தில், கக்கனின் படங்களும் கைப்பேசிகளில் ஓடத் தொடங்கும். பேருந்தில் பயணம் செய்த முன்னாள் அமைச்சர், வாடகை கட்ட இயலாத முன்னாள் அமைச்சர், அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் கிடந்த முன்னாள் அமைச்சர் எனச் செய்திகள் வரும். ஆண்டுதோறும் அவற்றைப் படிக்கிறோம், பகிர்கிறோம், நெகிழ்கிறோம்.

இந்த நெகிழ்ச்சியில் பொய் இல்லை. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. பத்து ஆண்டுகள் ஒரு மாநிலத்தின் அமைச்சராக இருந்த மனிதரின் வறுமையை மட்டும் நினைவில் வைத்து, அவர் கையாண்ட அதிகாரத்தை மறந்துவிடுகிறோம். ஆதிக்கச் சாதித் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் கட்டிய அணைகளும் கொண்டுவந்த சட்டங்களும் நினைவுக்கு வருகின்றன. ஒரு தலித் அமைச்சரைப் பற்றிப் பேசும்போதோ அவரது கிழிந்த வேட்டி நினைவுக்கு வருகிறது. கக்கனுக்கு என்ன அதிகாரம் கொடுக்கப்பட்டது, எது கொடுக்கப்படவில்லை, கொடுக்கப்பட்டது எங்கே போய் முட்டி நின்றது என்ற கேள்விகளை அவரது வாழ்க்கையை வைத்தே கேட்க வேண்டியுள்ளது. அதற்கு உரிய அளவுகோலாகக் காவிரிப் படுகையை எடுத்துக்கொள்கிறோம். கக்கன் மதுரை மாவட்டத்துக்காரர், தஞ்சைக்காரர் அல்லர். எனினும் அவர் வகித்த துறைகள் ஒவ்வொன்றும் தஞ்சையின் நெல்வயலில் வந்து முடிந்தன. அன்றைய தமிழகத்தில் நிலம், சாதி, கூலி ஆகிய மூன்றும் மிக இறுக்கமாகப் பின்னிக் கிடந்த இடமும் அதுவே.

தும்பைப்பட்டியிலிருந்து கோட்டைக்கு

கக்கன் 1908 ஜூன் 18 அன்று மேலூர் வட்டம் தும்பைப்பட்டியில் பிறந்தார். தந்தை ஊர்க் கோயிலில் பூசாரி. சேரியில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத் திண்ணையே எட்டாத காலத்தில் அவர் படித்தார். இளம் வயதிலேயே காங்கிரசு இயக்கத்தில் சேர்ந்தார். மதுரையின் அ. வைத்தியநாத ஐயர் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். சேரிப் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளி நடத்துவதும், அவர்கள் தங்கிப் படிக்க விடுதி நடத்துவதும் கக்கனின் தொடக்கக்காலப் பணிகள்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயருடன் நுழைந்த சிறு குழுவில் கக்கனும் ஒருவர். அன்றைய ராஜாஜி அரசு அந்த நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்க விரைந்து சட்டம் கொண்டுவந்தது. நூற்றாண்டுகளாக மூடியிருந்த ஒரு கதவு திறக்க வேண்டுமானால், வாசலில் நிற்கும் மனிதர்களின் துணிவோடு கோட்டையில் இருக்கும் அமைச்சரவையின் கையொப்பமும் தேவைப்படுகிறது என்பதைக் கக்கன் அன்றே கண்டிருப்பார்.

1942 போராட்டத்தில் சிறை சென்றார். 1946-இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1952 முதல் 1957 வரை மதுரையிலிருந்து மக்களவை உறுப்பினர். காமராசர் முதலமைச்சராக இருந்த முதல் ஆண்டுகளில் தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டியின் தலைவர் பொறுப்பும் அவருக்கு வந்தது. ஆளும் கட்சியின் மாநிலத் தலைமையில் ஒரு தலித் அமர்ந்தது அக்காலத்தில் எளிய செய்தி அன்று. 1957 ஏப்ரல் 13 அன்று அவர் சென்னை மாநில அமைச்சராகப் பொறுப்பேற்றார். ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு அன்றிலிருந்து ஓர் அமைச்சரவையின் வரலாறாகவும் மாறுகிறது.

அமைச்சரவையில் இடம் யாருடைய உரிமை

சட்டம் பயிலும் மாணவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆயினும் மீண்டும் சொல்லத் தக்கது. அரசமைப்பின் 332ஆம் உறுப்பு சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கு இடங்களை ஒதுக்குகிறது. அமைச்சரவையில் ஒதுக்கீடு இல்லை. 164ஆம் உறுப்பின்படி ஆளுநர் முதலமைச்சரை நியமிக்கிறார். பிற அமைச்சர்களை முதலமைச்சரின் அறிவுரைப்படி நியமிக்கிறார். 166ஆம் உறுப்பின்கீழ் அலுவல் விதிகள் வகுக்கப்பட்டு, எந்தத் துறை எவரிடம் என்பது பிரிக்கப்படுகிறது. சில மாநிலங்களில் மட்டும் பழங்குடியினர் நலனுக்கென ஓர் அமைச்சர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும், அவரிடமே பட்டியல் சாதியினர் நலனையும் ஒப்படைக்கலாம் என்றும் 164ஆம் உறுப்பு கூறுகிறது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே இங்கு ஒரு தலித் அமைச்சராவதும், அவருக்கு எந்தத் துறை என்பதும் முழுக்க முதலமைச்சரின் முடிவு.

குடியரசுக்கு முன்பு நிலைமை சற்று வேறாக இருந்தது. 1935 இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் ஆளுநர்களுக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தல் ஆவணம், முக்கியமான சிறுபான்மைச் சமூகத்தினரை இயன்றவரை அமைச்சரவையில் சேர்க்கும்படி கூறியது. 1937 ஏப்ரலில் காங்கிரசு பதவியேற்க மறுத்தபோது, கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஆறு பேர் கொண்ட இடைக்கால அமைச்சரவை அமைந்தது. அதில் எம்.சி. ராஜா வளர்ச்சித் துறை அமைச்சர். தஞ்சையின் பெருந்தலைவர் ஏ.டி. பன்னீர்செல்வமும் அதே அமைச்சரவையில் இருந்தார். 1931-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டின்போது அம்பேத்கருடன் சேர்ந்து சிறுபான்மையினர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் இந்தப் பன்னீர்செல்வம். பெரும்பான்மை இல்லாத அந்த அமைச்சரவை மூன்றரை மாதங்களே நீடித்தது. அடுத்து வந்த ராஜாஜி அமைச்சரவையில் வி.ஐ. முனுசாமிப் பிள்ளை இடம்பெற்றார். 1946-க்குப் பின் கூர்மய்யா. அவருக்குப் பின் பி. பரமேசுவரன். ஒருவர் போனால் இன்னொருவர் என, பெரும்பாலும் ஓர் இடமே தொடர்ந்து வந்தது.

அம்பேத்கர் இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை முன்கூட்டியே அறிந்திருந்தார். 1947-இல் அவர் வெளியிட்ட மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற ஆவணத்தில், அமைச்சரவையில் இடம்பெறும் சிறுபான்மைப் பிரதிநிதிகளை அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். வேளாண் நிலம் முழுவதும் அரசுடைமையாக வேண்டும் என்ற முன்மொழிவும் அதே ஆவணத்தில் உண்டு. அமைச்சரவையில் யார் அமர்வது என்ற கேள்வியையும் நிலம் யாருடையது என்ற கேள்வியையும் அவர் ஒரே தாளில் எழுதினார். இரண்டும் ஏற்கப்படவில்லை. 1951-இல் ஒன்றிய அமைச்சரவையிலிருந்து அவர் விலகியபோது தெரிவித்த காரணங்களில், முக்கியமான துறைகளும் அமைச்சரவைக் குழுக்களும் தமக்கு எட்டாமல் வைக்கப்பட்டன என்பதும் ஒன்று. அமைச்சர் என்ற பெயர் ஒன்று, அமைச்சரின் அதிகாரம் வேறொன்று என்பதை அந்த விலகல் நாட்டுக்குக் காட்டியது.

காமராசர் இந்த மரபுக்குள் செய்த மாற்றத்தை மறுக்க இயலாது. 1954-இல் அவர் அமைத்த எட்டுப் பேர் அமைச்சரவையில் பரமேசுவரனுக்கு இந்து அறநிலையத் துறையையும் கொடுத்தார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், கோயில்களை நிருவகிக்கும் துறையின் அமைச்சரானார். திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் எனப் பெரும் மடங்களின் நிலங்கள் பரந்து கிடந்த தஞ்சை மாவட்டத்தில் அதன் பொருள் உடனே விளங்கியிருக்கும். 1957-இலும் அமைச்சர்கள் எட்டுப் பேரே. 205 உறுப்பினர் கொண்ட அவையில் 151 இடங்களைப் பிடித்த கட்சி எட்டு அமைச்சர்களோடு நிறுத்திக்கொண்டது. அந்தச் சிறிய வட்டத்துக்குள் கக்கன் அழைக்கப்பட்டார்.

முதல் துறை: நீர்

கக்கனுக்கு அளிக்கப்பட்டது மின்சாரம் நீங்கலான பொதுப்பணித்துறையும், அன்று ஹரிஜன நலம் என அழைக்கப்பட்ட துறையும். பொதுப்பணித்துறையைத் தஞ்சை விவசாயிகள் மராமத்து இலாகா என்பார்கள். அணை, மதகு, ஆற்றுக்கரை, தூர் வாருதல், முறை வைத்துத் தண்ணீர் விடுதல் ஆகிய அனைத்தும் அதன் கையில். வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டதும், காவிரியில் கட்டளை மேட்டு வாய்க்கால், புள்ளம்பாடி வாய்க்கால் போன்ற பணிகள் நடந்ததும் இக்காலத்தை ஒட்டியே.

காவிரிப் படுகையில் தண்ணீரும் சாதியும் ஒரே வரிசையில் ஓடுபவை. தலைமடையில் இருப்பவருக்கு முதலில் பாயும், கடைமடைக்காரர் காத்திருப்பார். கடைமடைக்கும் அப்பால், வயலே இல்லாத சேரி. மதகைத் திறக்க உத்தரவிடும் துறைக்கு ஒரு தலித் அமைச்சர். அந்த மதகு வழியே வரும் தண்ணீர் பாயும் வயலில் அவரது மக்களுக்கு உரிமை இல்லை. வாய்க்காலை வெட்டுவதும், நாற்றுப் பறிப்பதும், நடுவதும், அறுப்பதும் அவர்கள் கைகள். அமைச்சர் எவ்வளவு நேர்மையாகத் தண்ணீரைப் பகிர்ந்தாலும் அந்தப் பகிர்வு நிலம் வைத்திருப்போருக்கு இடையேதான் நடந்தது.

அவரிடம் இருந்த மற்றத் துறைக்கும் இதே எல்லை இருந்தது. பண்ணையாள்களின் குடிசைகள் மிராசுதாரின் மனையில் நின்றன. கூலி கூடக் கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். ஆகவே வீட்டுமனை என்பது கூரை பற்றிய பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. வாய் திறந்து பேசும் உரிமையே அதில் அடங்கியிருந்தது. நலத்துறை மனை வழங்க முடிவெடுக்கலாம். ஆனால் அந்த மனைக்கான நிலத்தை 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி எடுப்பவர் மாவட்ட ஆட்சியர். அளப்பவர்கள் வருவாய்த் துறையினர். ஊர்க் கணக்கை வைத்திருந்தவர் கர்ணம். நலத்துறையின் கோப்பு வருவாய்த் துறையின் மேசைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். காவிரிப் படுகையில் குடிமனைப் பட்டா வழக்குகளுக்காக இன்றும் அலைகிற நாம் அந்தப் பாதையின் நீளத்தை நன்கு அறிவோம்.

1957 செப்டம்பரில் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் பற்றி எரிந்தது. அப்போது காவல்துறை பக்தவத்சலத்திடம். தலித் மக்களின் நலன் ஓர் அமைச்சரிடமும் அவர்களின் உயிர்ப் பாதுகாப்பு இன்னோர் அமைச்சரிடமும் இருந்தன. துறைப் பிரிப்பின் விளைவு இது: நலம் என்ற சொல்லுக்குள் விடுதியும் உதவித்தொகையும் கிணறும் அடங்கின, உயிர் அடங்கவில்லை.

இரண்டாம் துறை: விதை

1962 மார்ச் 13 முதல் கக்கன் வேளாண்மைத் துறை அமைச்சர். தஞ்சை மாவட்டம் அப்போது நாட்டின் கவனத்தில் இருந்தது. தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் 1960-இல் அங்கே தொடங்கப்பட்டிருந்தது. விதை, உரம், கூட்டுறவுக் கடன், தொழில்நுட்ப ஆலோசனை ஆகியவற்றை ஒரு கட்டாகச் சேர்த்து விவசாயிக்கு அளிப்பது திட்டத்தின் உள்ளடக்கம். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் குறுவைப் பட்டத்தின் முகத்தை மாற்றவிருந்த காலம் அது.

விளைச்சல் கூடுவது நாட்டுக்குத் தேவையாக இருந்தது. அரிசிப் பஞ்சம் வாசலில் நின்றது. எனினும் அந்தக் கட்டு யார் வீட்டு வாசலில் இறங்கியது என்று பார்க்க வேண்டும். கூட்டுறவுக் கடன் நிலத்தை ஈடாகக் காட்டுவோருக்கு. உரம் கடன் உள்ளோருக்கு. குத்தகைப் பதிவே இல்லாத வாரக் குடிகளுக்கு அது அரைகுறையாகவே எட்டியது. நாள் கூலிக்கு எதுவும் எட்டவில்லை. விளைச்சல் கூடக்கூடக் களத்தில் குவிந்த நெல்லில் தன் மரக்காலும் கூட வேண்டும் என்று கூலியாள் கேட்டபோது, அதற்குத் திட்டத்தில் இடம் இருக்கவில்லை. வேளாண்மைத் துறை விளைச்சலைப் பெருக்கும் துறை. விளைச்சலைப் பங்கிடும் துறை அன்று. பதினெட்டு மாதங்கள் அத்துறையை வகித்த கக்கனுக்கு, நெல் விளையும் விதத்தை மாற்றும் அதிகாரம் இருந்தது. நெல் போய்ச் சேரும் இடத்தை மாற்றும் அதிகாரம் அவரது கோப்புகளில் இல்லை.

மூன்றாம் துறை: காவல்

1963 அக்டோபரில் காமராசர் கட்சிப் பணிக்காகப் பதவி விலகினார். பக்தவத்சலம் முதலமைச்சரானார். அக்டோபர் 3 அன்று கக்கன் உள்துறை அமைச்சரானார். சேரிக்குள் நுழையும்போது லத்தியை உயர்த்தும் காவலர், ஒரு சேரி மனிதருக்கு வணக்கம் வைக்க வேண்டியிருந்தது. அன்றைய தலித் இளைஞர்களுக்கு அது தந்த நிமிர்வை இன்று அளந்து சொல்ல இயலாது. அதைக் குறைத்துப் பேசவும் நமக்கு உரிமை இல்லை.

அந்த நாற்காலியின் சுமையும் பெரிது. 1965-இல் இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூடுகளில் பலர் மாண்டனர். அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்பது 164ஆம் உறுப்பின் விதி. முடிவுகள் கூட்டாக எடுக்கப்பட்டாலும் பழி துறை அமைச்சரின் பெயரில் எழுதப்படுகிறது. அந்தக் குண்டுகளுக்கான பொறுப்பிலிருந்து கக்கனை விடுவிக்க நாம் முயலவில்லை. விடுவித்தால் அவர் அதிகாரமற்ற பொம்மை என்று ஆகிவிடும். அவருக்கு அதிகாரம் இருந்தது என ஏற்கிறோம். ஆகவே பொறுப்பும் இருந்தது என ஏற்கிறோம்.

காவிரிப் படுகையிலோ உள்துறையின் எல்லை வேறு விதமாகத் தெரிந்தது. 1943 முதல் பி. சீனிவாசராவ் முதலான பொதுவுடைமைத் தலைவர்கள் அங்கே பண்ணையாள்களைத் திரட்டியிருந்தனர். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டிய இயக்கம் அது. 1960களின் நடுவில், புதிய விதைகளோடு கூலித் தகராறும் கூடியது. நிலவுடைமையாளர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடை செய்ய முற்பட்டனர். உள்ளூர்த் தொழிலாளர்கள் தடுத்தனர். இத்தகைய தகராறுகளில் காவல்துறைக்குப் பணிக்கப்படுவது அறுவடைக்குப் பாதுகாப்பு. 144 தடை உத்தரவும் 107 நன்னடத்தைப் பிணையும் நிருவாக நடுவர்களின் அதிகாரம். அந்த நடுவர்கள் வட்டாட்சியரும் கோட்டாட்சியரும். அதாவது வருவாய்த் துறையினர். சொத்தைக் காப்பது சட்டம் ஒழுங்கு எனப்பட்டது. கூலியைக் காக்கச் சட்டம் போதவில்லை. சட்டத்தின் உள்ளடக்கம் மாறாதபோது, அதை நடத்துபவர் நம்மவராக இருந்தாலும் லத்தி விழும் இடம் பெரிதாக மாறுவதில்லை.

கிடைக்காத துறை: நிலம்

பத்தாண்டுகளில் கக்கன் வகித்த துறைகளை ஒருசேர வைத்துப் பார்ப்போம். நீர் கிடைத்தது. விதை கிடைத்தது. காவல் கிடைத்தது. நலத்துறையும் கிடைத்தது. வருவாய்த் துறை மட்டும் அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. நிலத்தின் கணக்கும் பட்டாவும் உச்சவரம்பும் அத்துறையில் இருந்தன.

இதில் ஒரு சதி இருந்தது என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை. அப்படிச் சொல்லத் தேவையும் இல்லை. அமைச்சரவைகள் அமைக்கப்படும் முறையே அதை விளக்கும். பெரும்பான்மை திரட்ட வேண்டிய முதலமைச்சர் வட்டாரங்களையும் சாதிகளையும் கூட்டிக் கழித்துத் துறைகளைப் பிரிக்கிறார். 1952-இல் காங்கிரசுக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்காதபோது, காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவைக்குள் வந்தார். 1957 அமைச்சரவையில் வருவாய்த் துறை அவரிடம் இருந்தது. நிலம் யாரிடம் உள்ளதோ, அவர்களின் நம்பிக்கையைப் பெற்றவரிடம் நிலத்துறை போகிறது. இந்தக் கணக்கு எங்கும் எழுதப்படுவதில்லை. எல்லா அமைச்சரவைகளிலும் போடப்படுகிறது.

சட்டங்களைப் பார்த்தாலும் இது புலப்படும். 1952-இல் ராஜாஜி அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக் கூடாது என்றது அச்சட்டம். நிலவுடைமையாளர் பலர் பண்ணையாள் முறையையே கைவிட்டு, அதே மனிதர்களை அன்றாடக் கூலிகளாக மாற்றினர். பாதுகாக்கப்பட வேண்டியவரே சட்டத்தின் சொல்லுக்கு வெளியே தள்ளப்பட்டார். 1961-இல், கக்கன் அங்கம் வகித்த அமைச்சரவையின் காலத்தில், நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றது. சமயப் பொது அறக்கட்டளைகளுக்கு விலக்கு இருந்தது. கோயில்களும் மடங்களும் நிறைந்த தஞ்சையில் அந்த விலக்கின் அகலம் எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை. எஞ்சிய நிலமும் உறவினர் பெயரிலும் வேலையாள் பெயரிலும் பிரிந்து ஒளிந்தது. அச்சட்டத்துக்கான கூட்டுப் பொறுப்பில் கக்கனுக்கும் பங்கு உண்டு. ஆயினும் வரைவு எழுதப்பட்ட மேசை அவருடையது அன்று.

1967-க்குப் பின்

1967 தேர்தலில் காங்கிரசு வீழ்ந்தது. காமராசரும் பக்தவத்சலமும் தோற்றனர். மேலூர் தெற்குத் தொகுதியில் கக்கன் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார். அதற்குப் பின் அவர் அமைச்சராகவில்லை.

அடுத்த ஆண்டு டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடி ஏற்றியதும் அவர்கள் செய்தவை. அப்போது ஆட்சியில் இருந்தது வேறு கட்சி, வேறு அமைச்சரவை. நெருப்பு வைத்த நிலவுடைமையோ மாறவில்லை. அந்தச் சாம்பலுக்குப் பிறகே கணபதியா பிள்ளை குழு அமைந்தது. 1969-இல் நியாயக் கூலிச் சட்டமும் 1971-இல் குடியிருப்பு மனைகளுக்கு உரிமை வழங்கும் சட்டமும் வந்தன. கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளரை உயர்நீதிமன்றம் 1973-இல் விடுவித்தது. அமைச்சரவை மாறினாலும் கட்சி மாறினாலும் 44 உயிர்கள் போகும்வரை கூலிக்கும் மனைக்கும் சட்டம் பிறக்கவில்லை என்பதே தஞ்சை நமக்குக் கற்றுத்தந்த பாடம்.

கக்கன் தம் கடைசி ஆண்டுகளை எளிமையாக, பெரும்பாலும் இல்லாமையில் கழித்தார். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது மதுரை அரசு மருத்துவமனைக்கு மதுரை முத்துவைப் பார்க்கச் சென்றார். அங்கே பொதுப் பிரிவில் கக்கன் கிடப்பதை அறிந்து பதறினார். அதற்குப் பின் அரசு உதவிகள் வந்தன. 1981 டிசம்பர் 23 அன்று கக்கன் மறைந்தார்.

நீரும் விதையும் காவலும் கையில் இருந்த பத்தாண்டுகளில் அவர் தமக்கென எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இதை நாம் பெருமையோடு சொல்வோம். கூடவே இன்னொன்றையும் சொல்வோம். அவரது மக்களுக்கு நிலத்தைக் கொடுக்கும் துறையை அன்றைய அமைப்பு அவரிடம் கொடுக்கவில்லை. அவரது வறுமை அவரது நேர்மைக்குச் சான்று. அவரது மக்களின் வறுமை அவரை அமைச்சராக்கிய அமைப்புக்கு எதிரான சான்று.

நாம் கேட்க வேண்டியவை

2003-இல் செய்யப்பட்ட 91ஆம் அரசமைப்புத் திருத்தத்தின்படி அமைச்சரவையின் அளவு சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 234 உறுப்பினர் கொண்ட தமிழ்நாட்டில் அது 35. பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள் 44. ஒவ்வோர் அமைச்சரவை பதவியேற்கும் நாளிலும் தலித் அமைச்சர்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். எண்ணுவது தேவைதான், ஆயினும் அது முதற்படி மட்டுமே.

கல்லூரியில் பயிலும் தோழர்கள் அடுத்த முறை துறைப் பட்டியல் வெளியாகும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு சில கேள்விகளைக் கேளுங்கள். வருவாய், நிதி, உள்துறை ஆகியவை யாரிடம்? தலித் அமைச்சருக்குக் கொடுக்கப்பட்ட துறையின் முடிவுகளை நிறைவேற்றுவது அதே துறையின் அலுவலர்களா, வேறொரு துறையின் அலுவலர்களா? அத்துறைக்கு ஒதுக்கப்பட்ட பணத்தில் ஆண்டு முடிவில் திரும்பிப் போவது எவ்வளவு? நலத்துறை என்ற பெயரில் ஒருவரை ஓர் அறைக்குள் அமர்த்திவிட்டு, நிலம் பற்றிய கூட்டத்தை அடுத்த அறையில் நடத்துகிறார்களா? இவற்றுக்கான விடைகள் அரசாணைகளிலும் அலுவல் விதிகளிலும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களிலும் கிடைக்கும். கிடைக்காதவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவில் கேட்கலாம்.

மேட்டூர் திறந்ததும் தண்ணீர் கடைமடை வரை வந்ததா என்று தஞ்சை விவசாயி கரையில் நின்று பார்ப்பார். அணையில் எவ்வளவு இருக்கிறது என்ற செய்தி அவருக்குப் போதாது. அதிகாரத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கக்கனின் பிறந்த நாளில் அவரது படத்துக்கு மாலையிடுவோம். மாலையிட்ட கையோடு, அவர் தொடாமல் விட நேர்ந்த அந்த ஒரு துறையின் கோப்பைப் பிரித்துப் பார்ப்போம்.